கான்கிரீட் ஷெல் கூரைகள்: அழகும் வடிவமும் (அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்)

கோலாலம்பூர், பினாங்கு வட்டாரங்களில் மண்டபம், பள்ளித் திடல் கூரை, கோயில் முன்கூடம் கட்ட நினைக்கும் குழுக்களும் கட்டடக்கலை மாணவர்களும் வழக்கமாகக் கேட்கும் கேள்விகள் இவை. கணக்குகள் ஒரு கூரையைப் புரிந்துகொள்வதற்குத்தான். உங்கள் கூரைக்கான கணக்கைப் பதிவு பெற்ற பொறியாளர்தான் போட வேண்டும்.

ஷெல் கூரை என்றால் ஓட்டுக் கூரைதானே?

இல்லை. தமிழில் ‘ஓடு’ என்ற ஒரே சொல் இரண்டு வேலை பார்ப்பதால் வரும் குழப்பம் இது. வீட்டுக் கூரையில் அடுக்குகிற ஓடு வேறு. முட்டை ஓடு, ஆமை ஓடு என்கிறோமே, அந்த ஓடு வேறு. இங்கே பேச்சு இரண்டாவதைப் பற்றி. குழப்பம் வேண்டாம் என்பதற்காக, தளத்தில் எல்லாரும் சொல்வதுபோல ‘ஷெல்’ என்றே எழுதுகிறோம்.

ஷெல் என்பது வளைந்த, மெல்லிய, ஒரே தகடு. கீழே தாங்க உத்தரம் கிடையாது, வளைவுதான் உத்தரம். கோழிமுட்டை ஓட்டின் கனம் அதன் குறுக்களவில் ஏறத்தாழ நூற்றில் ஒரு பங்கு. மெக்சிகோவில் கட்டடக்கலைஞர் ஃபெலிக்ஸ் காண்டெலா 1958இல் முடித்த லாஸ் மனந்தியாலெஸ் உணவகத்தின் கூரை 30 மீட்டருக்கு மேல் தாண்டுகிறது, கனமோ 4 செ.மீ.தான். அந்த விகிதத்தோடு பார்த்தால் முட்டை ஓடு தடிமனான பொருள்.

இவ்வளவு மெல்லியதாக இருந்தும் எப்படி நிற்கிறது?

மாமாக் கடையில் ஒரு ரொட்டி டிஷ்யூ வாங்கி மேசையில் வைத்துப் பாருங்கள். கல்லில் விரித்தபோது அது காகிதம். ஓரத்தைப் பிடித்துத் தூக்கினால் தொங்கிவிடும். சூடாக இருக்கும்போதே கூம்பாகச் சுருட்டி நிறுத்தியதும் முழங்கை உயரத்துக்குத் தானாக நிற்கிறது. மாவு கூடவில்லை, வளைவு மட்டும்தான் சேர்ந்தது. தட்டையான தகடு சுமையை வளைந்து கொடுத்துத் தாங்கும். வளைந்த தகடு அதைத் தன் பரப்புக்குள்ளேயே அழுத்தமாகவும் இழுவையாகவும் ஓடவிட்டு ஆதாரத்துக்குக் கொண்டுபோகும். கனம் முழுவதும் வேலை செய்வதால் மெல்லிய கனமே போதும்.

அதே ரொட்டியில் இன்னும் மூன்று விஷயம் இருக்கிறது. நடுவில் விரலால் அழுத்தினால் குழி விழும்: கூம்பு ஒரு திசையில் மட்டுமே வளைந்தது. பிரிங்கிள்ஸ் சிப்ஸ் இரு திசையிலும் எதிரெதிராக வளைந்திருப்பதால் அப்படி எளிதில் குழியாது. இரண்டாவது, ரொட்டி கிழியத் தொடங்குவது எப்போதும் விளிம்பில். மூன்றாவது, பேசிக்கொண்டே அரை மணி நேரம் விட்டுவிட்டால் ஈரக்காற்றில் தளர்ந்து ஒரு பக்கம் சாயும். கான்கிரீட்டும் காரணம் வேறானாலும் நீடித்த சுமையில் இப்படித்தான் ஆண்டுக்கணக்கில் தளரும்; முதல் நாள் தாழ்வு 10 மி.மீ. என்றால் பின்னால் 25, 30 மி.மீ. ஆகலாம்.

அழகான படம் ஒன்று வரைந்துவிட்டோம். பொறியாளர் அதை ஷெல்லாக ஆக்கித் தருவாரா?

ஆக்கித் தருவார், ஆனால் அது ஷெல்லாக இருக்காது. சிட்னி ஓப்பரா ஹவுஸ் இதற்குப் பெரிய சாட்சி. 1957இல் போட்டியில் வென்ற யோர்ன் உட்ஸோனின் ஓவியத்தில் பாய்மரம் போன்ற வளைவுகளுக்கு வடிவியல் விதி எதுவும் இல்லை. ஆண்டுக்கணக்கில் கணக்குப் போட்ட பிறகு, எல்லா வளைவுகளையும் சுமார் 75 மீட்டர் ஆரமுள்ள ஒரே கோளத்திலிருந்து வெட்டி எடுப்பது என்று முடிவானது. அதனால்தான் முன்வார்ப்பு விலா எலும்புகளை ஒரே அச்சில் வார்க்க முடிந்தது. 1973இல் திறந்த அந்தக் கட்டடத்தின் அழகை யாரும் குறை சொல்லப்போவதில்லை. ஆனால் நிற்பது கனத்த விலா எலும்புகள். மெல்லிய ஷெல் அல்ல.

ஷெல்லில் வடிவத்தைச் சுமையோடு சேர்ந்துதான் தேர்ந்தெடுக்க முடியும். அப்படியானால் வடிவமைப்பாளருக்கு என்ன சுதந்திரம்? எங்கள் பார்வையில் பெரும்பகுதி விளிம்பில் இருக்கிறது. ஷெல்லின் நடுப்பகுதி யார் கட்டினாலும் ஏறக்குறைய ஒன்றுபோலத்தான் இருக்கும். நல்லதும் சுமாரானதும் பிரிவது ஓரத்தில். கீழே நிற்பவர் கண்ணுக்குக் கூரையின் கனம் தெரிகிற ஒரே இடம் அதுதான். 75 மி.மீ. ஷெல்லின் ஓரத்தில் 300 மி.மீ. உத்தரம் ஓடினால் பார்ப்பவருக்கு அது 300 மி.மீ. கூரை.

ஆனால் விசைகள் வந்து சேர்வதும் அந்த ஓரத்தில்தான். அமெரிக்காவில் ஏரோ சாரினென் 1955இல் முடித்த கிரெஸ்கி அரங்கம் கோளத்தில் எட்டில் ஒரு பங்கு, மூன்றே புள்ளிகளில் நிற்பது. அதன் ஓரங்கள் எதிர்பார்த்ததைவிடத் தாழ்ந்ததால் கண்ணாடிச் சுவரின் சட்டங்களையே ஓரத்தைத் தாங்க வைக்க வேண்டியதாயிற்று. காண்டெலாவோ லாஸ் மனந்தியாலெஸில் எட்டு இதழ்கள் சந்திக்கும் உள் மடிப்புகளை வலுப்படுத்தி விசையை அங்கே ஓடவிட்டார். அதனால் வெளி ஓரம் சுமையில்லாமல் 4 செ.மீ.யாகவே நின்றது.

கோலாலம்பூரிலும் பினாங்கிலும் எதைப் போய்ப் பார்க்கலாம்?

முதலில் தேசியப் பள்ளிவாசல், 1965. பாதி மூடிய குடை போன்ற அந்தக் கூரை மடிப்புத் தகடு வகை: தட்டைத் தகடுகளை விசிறிபோல மடித்து மடித்து வலு ஏற்றியது. வளைந்த ஷெல்லுக்கு நெருங்கிய உறவு. அச்சுப்பலகை மட்டும் எளிது, எல்லாம் சமதளம். தொடக்கத்தில் இளஞ்சிவப்பாக இருந்தது, 1987 புதுப்பிப்பில் பச்சை, நீலமாக மாறியது. வெளியிலிருந்து மடிப்பின் பள்ளங்களைக் கண்ணால் தொடர்ந்து பாருங்கள். மழைநீரும் சுமையும் போகும் வழி அதுவே.

பினாங்கு மாநிலப் பள்ளிவாசல் 1980இல் திறந்தது. ஆஸ்கார் நீமெயரின் பிரசீலியா பேராலயத்தின் சாயல் கொண்டது. வளைந்த விலா எலும்புகள் சுற்றி நின்று ஒன்றையொன்று தாங்குவதால் இது ஷெல் அல்ல, கூண்டு. பினாங்கின் கொம்தார் கோபுர வளாகத்தின் ஜியோடெசிக் குவிமாடமும் கூண்டுதான், முக்கோணக் கட்டங்களால் ஆனது. கேஎல்ஐஏ விமான நிலைய முனையத்தின் கூரை அலகுகளின் வடிவம் பிரிங்கிள்ஸ் வளைவே. உள்ளே தாங்குவது எஃகு. வடிவம் ஒன்று, கட்டமைப்பு வேறு என்பதைப் பிள்ளைகளுக்குக் காட்ட இந்த நாலும் போதும்.

எந்த இடத்துக்கு எந்த வடிவம்?

வட்ட மண்டபத்துக்குத் தாழ்ந்த குவிமாடம். நீளமான கொட்டகைக்கு உருளை வளைவு. சதுரத் திடலுக்கு நடுத்தூணில் நிற்கும் தலைகீழ்க் குடை. தேவைக்கேற்ப அடுத்தடுத்து வைத்துக்கொண்டே போகலாம். நம் ஊர்ப் பள்ளித் திடல்களுக்கும் கோயில் முன்கூடங்களுக்கும் பெரும்பாலும் குடைதான் பொருந்தும், காரணம் அச்சுப்பலகை. குடையின் ஒவ்வொரு கால்பகுதியும் பிரிங்கிள்ஸ் போன்ற, குதிரைச் சேண வடிவ வளைவு; அது முழுக்க முழுக்க நேர்கோடுகளால் ஆனது. நேரான பலகைகளாலேயே வளைந்த பரப்பைச் செய்துவிடலாம்.

10 × 10 மீட்டர் குடை ஒன்றின் கணக்கைக் காட்ட முடியுமா?

குடையை 5 × 5 மீட்டர் கால்பகுதிகள் நான்காகப் பிரியுங்கள். வெளி ஓரங்கள் மட்டமாக மேலே. நடு, தூண் தலையில், 1.2 மீட்டர் கீழே; இந்த உயர வித்தியாசம்தான் எழுச்சி. கனம் 75 மி.மீ.

சுமை: தன் எடை 1.9, நீர்க்காப்பு 0.1, பராமரிப்பு ஆள்சுமை 0.5, கூட்டினால் சதுர மீட்டருக்கு 2.5 கிலோநியூட்டன். (1 கிலோநியூட்டன் என்பது ஏறக்குறைய 100 கிலோ எடை.)

ஷெல்லுக்குள் ஓடும் வெட்டுவிசை = சுமை × பக்கம் × பக்கம் ÷ (2 × எழுச்சி). அதாவது 2.5 × 5 × 5 ÷ 2.4 = மீட்டருக்கு 26 கிலோநியூட்டன். இதை 75 மி.மீ. கனத்தில் பரப்பினால் தகைவு சதுர மி.மீ.க்கு 0.35 நியூட்டன். சாதாரணக் கான்கிரீட்டே 30 தாங்கும். ஆக, கனத்தைத் தீர்மானிப்பது வலு அல்ல, துருவும் நெளிவும் (மெல்லிய தகடு திடீரென்று மடங்குவது)தான்.

கம்பி: பாதுகாப்புக்கு 1.4 மடங்கு எடுத்தால் இரு திசையிலும் மீட்டருக்கு 84 சதுர மி.மீ. எஃகு வேண்டும். கடையில் கிடைக்கும் பி.ஆர்.சி. ஏ6 (6 மி.மீ. கம்பிகளைப் பற்றவைத்த) வலை 142 தருகிறது. ஒரு வலை, நடுக்கனத்தில்.

வெளி ஓரம்: மூலையில் சுழியத்தில் தொடங்கும் இழுவை பக்கத்தின் நடுவில் 26 × 5 = 130 கிலோநியூட்டன் ஆகிறது. 420 சதுர மி.மீ. வேண்டும், இரண்டு 16 மி.மீ. கம்பி 402 தான், மயிரிழையில் போதாது. மூன்றாகப் போடுங்கள்.

பள்ளங்கள்: தூணுக்கு இறங்கும் நான்கு பள்ளத்திலும் இரு புறத்திலிருந்தும் விசை சேர்வதால் 260 கிலோநியூட்டன் அழுத்தம். இந்த இடத்தில் சரிபார்ப்பு ஒன்று உண்டு. சரிவு 5க்கு 1.2, எனவே ஒவ்வொரு பள்ளத்தின் செங்குத்துப் பங்கு 62.5. நான்கும் சேர்ந்து 250. கூரையின் மொத்தச் சுமையும் 2.5 × 100 = 250. உங்கள் பொறியாளரின் தாளில் இந்த இரண்டு எண்ணும் ஒட்டவில்லை என்றால் எங்கேயோ பிழை.

இதெல்லாம் சுமை நான்கு பக்கமும் சமமாக இருக்கும்வரைதான். காற்று ஒரு பக்கத்தைத் தூக்கி மறுபக்கத்தை அழுத்தினால் குடை சாயப் பார்க்கும். அதைத் தடுப்பது தூணும் அடித்தளமும் மட்டுமே. குடைக் கூரையில் கூரையைவிட அடித்தளம் அதிகக் கான்கிரீட் விழுங்குவதைக் கண்டு குழுவினர் அதிர்ச்சியடைவது வழக்கம்.

காண்டெலா 4 செ.மீ.யில் கட்டினார். நாம் ஏன் 75 மி.மீ. போட வேண்டும்?

60 மி.மீ. ஷெல்லையே எடுத்துக்கொள்வோம். 6 மி.மீ. கம்பிகள் குறுக்கும் நெடுக்குமாகச் சேர்ந்தால் 12 மி.மீ. மீதி 48ஐ இரண்டாகப் பிரித்தால் மேலும் கீழும் 24 மி.மீ. மூடுகனம் (கம்பியை மூடும் கான்கிரீட்); அதுவும் வலை மில்லிமீட்டர் பிசகாமல் நடுவில் இருந்தால்தான். தளத்தில் யாராவது மிதித்த இடத்தில் 10 மி.மீ. கூட மிஞ்சாது. ஆண்டு முழுதும் ஈரமும் வெயிலும் மாறிமாறி அடிக்கும் நம் நாட்டில் அது போதாது. கோலாலம்பூருக்கு 75 மி.மீ., பினாங்கில் கடலோரம் என்றால் 90 முதல் 100 மி.மீ.யும் துத்தநாகம் பூசிய அல்லது துருப்பிடிக்காத எஃகு வலையும் என்பது எங்கள் பரிந்துரை.

ஒரு வலையா, இரண்டா? சிறிய குடைக்கு ஒன்று போதும். காற்று பெரிதாக வளைக்கும் உயரமான ஷெல்லுக்குப் போதாது. இங்கிலாந்தின் ஃபெர்ரிபிரிட்ஜ் மின்நிலையத்தில் 1965 நவம்பர் 1ஆம் தேதி புயற்காற்றில் எட்டுக் குளிரூட்டும் கோபுரங்களில் மூன்று சரிந்தன. கோபுரங்கள் நெருங்கி நின்றதால் காற்று இடையில் புகுந்து சுழன்று வலுத்தது. கோபுர ஷெல்களில் இருந்தது ஒரே அடுக்குக் கம்பி.

பெரிய குவிமாடத்துக்கும் இதே கனம் போதுமா?

அங்கே நெளிவைப் பார்க்க வேண்டும். காலி டின்னை நசுக்கினால் திடீரென்று மடங்குகிறதே, அதுதான். கோள ஷெல் தாங்கும் நெளிவுச் சுமை கனத்துக்கும் ஆரத்துக்கும் உள்ள விகிதத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது. 20 மீட்டர் ஆரம், 75 மி.மீ. கனம் என்றால் ஏட்டுக் கணக்கில் சதுர மீட்டருக்குச் சுமார் 420 கிலோநியூட்டன் வருகிறது. இதை நம்பிவிடக் கூடாது. பலகை 20 மி.மீ. பிசகியது, கான்கிரீட் ஆண்டுகளில் தளர்வது, விரிசல் எல்லாம் சேர்த்து இருபதில் ஒன்றாகக் குறைத்துப் பார்க்க வேண்டும்: 21. சுமை 2.5 தானே, கவலையில்லை. ஆரத்தை 40 மீட்டராக்கி, கனத்தை 60 மி.மீ. ஆக்கினால் அதே வழியில் 3.4 தான் மிஞ்சும். அதைக் கட்ட மாட்டோம்.

குவிமாடத்தின் அடிவளையத்தை மறந்துவிடாதீர்கள். 20 மீட்டர் அகலம், 3 மீட்டர் எழுச்சி என்றால் அடிவிளிம்பு வெளியே பிதுங்கப் பார்க்கும் விசையால் வளையத்தில் சுமார் 190 கிலோநியூட்டன் இழுவை. 16 மி.மீ. கம்பி நான்கு வேண்டும். இணைப்புகள் ஒரே இடத்தில் விழக் கூடாது. எழுச்சியைக் குறைத்துத் தட்டையாக்கினால் இந்த இழுவை ஏறும்.

அச்சுப்பலகையை எப்படி அமைப்பது?

செலவின் பெரும்பங்கு இங்கேதான் போகும். அவசரப்படுவோர் கெடுக்கும் இடமும் இதுதான். குடைக்கு வழி இது.

முதலில் கால்பகுதியின் நான்கு மூலை உயரங்களையும் லேசர் லெவலில் குறித்து, ஓரச் சட்டங்கள் நான்கையும் நேராகப் பூட்டுங்கள். எதிரெதிர்ச் சட்டங்களை 20 சம பாகமாகப் பிரித்து எண் போடுங்கள். 1க்கு 1, 2க்கு 2 என்று நூல் கட்டுங்கள். எல்லா நூலும் சேர்ந்து வளைவு கண்முன் எழும். எந்த நூலாவது பக்கத்து நூல்களோடு சேராமல் துருத்தினால் சட்டம் வளைந்திருக்கிறது. நூல் இருந்த இடத்தில் தாங்கு கட்டைகள், அவற்றின் கீழ் திருகு ஜாக் வைத்த முட்டுக் கம்பங்கள். கம்பத்தின் அடியில் மண் இளகியிருந்தால் பலகை போட்டாலும் பயனில்லை. ஒரு மழையில் 15 மி.மீ. இறங்கிவிடும். மெலிந்த கான்கிரீட் தளம் ஊற்றிவிட்டுத் தொடங்குங்கள்.

மேல்தளத்துக்கு 12 மி.மீ. பிளைவுட் முறுகாது, ஓரம் எழும்பி நிற்கும். 75 முதல் 100 மி.மீ. அகலப் பலகைகள் நன்றாக முறுகும். அல்லது 6 மி.மீ. பிளைவுட் இரண்டு அடுக்கு, இணைப்புகள் மாறி மாறி. பூச்சில்லாமல் விடப்போகிறீர்கள் என்றால் பலகைகளையே போடுங்கள். அவற்றின் கோடுகள் கான்கிரீட்டில் பதிந்து, நேர்கோடுகளால் ஆன வளைவு என்பதைக் கூரையே காட்டிக்கொண்டிருக்கும்; அதைவிட நல்ல அலங்காரம் இந்த வடிவத்துக்குக் கிடையாது. எல்லாப் பலகையும் ஒரே மரமாக இருக்கட்டும். பழசும் புதுசும் கலந்தால் கான்கிரீட் நிறம் திட்டுத்திட்டாகும்.

இன்னொன்று. மட்டமான வெளி ஓரங்கள் கொண்ட குடையில் வெளி மூலைகளில் சரிவே இருக்காது. தண்ணீர் தேங்கிப் பாசி பிடிப்பது அங்கேதான். மூலைகளை மட்டும் 75 மி.மீ. தூக்கிக் கட்டுங்கள்; ஓரங்கள் நேராகவே இருக்கும், 1.5% சரிவு கிடைக்கும், பின்னாளில் மூலை தாழ்வதற்கும் இடம் இருக்கும். ஷெல்லின் உள்விசை சுமார் 7% ஏறும். கணக்கில் சேர்த்துக்கொள்ளச் சொல்லுங்கள்.

கான்கிரீட் போடும் நாளில் என்ன கவனிக்க வேண்டும்?

மேலே சொன்ன குடைக்கு ஷெல் 7.5 கன மீட்டர். ஓரமும் பள்ளங்களும் சேர்த்து 9 அளவில். இரண்டு லாரி. சி32/40 வலுத் தரம், கல் 10 மி.மீ.க்கு மேல் வேண்டாம், சரிவில் வழியாமல் நிற்க ஸ்லம்ப் (ஈரக் கான்கிரீட் கூம்பு தாழும் அளவு) 50 முதல் 75 மி.மீ. பம்ப்காரர் குழாய் அடைக்கிறது என்று தண்ணீர் கலக்கச் சொல்வார். இடம் கொடுக்காதீர்கள், வேண்டியது வேதிச் சேர்ப்பி, தண்ணீர் அல்ல.

காலை 7 மணிக்கு முதல் லாரி நிற்க வேண்டும். கோலாலம்பூரில் இடி மழை பெரும்பாலும் பிற்பகலில் இறங்கும். அதற்குள் மேற்பரப்பு இறுகத் தொடங்கியிருக்க வேண்டும். தார்ப்பாய் மேலேயே சுருட்டித் தயாராக இருக்கட்டும்.

தூண் தலையிலிருந்து தொடங்கி நான்கு கால்பகுதியிலும் சமமாக மேலே ஏறுங்கள். ஒரு பக்கத்தை முடித்துவிட்டு மறுபக்கம் போனால் முட்டுகள் சாயும். கனத்தைப் பார்க்க 75 மி.மீ. குறி போட்ட குச்சியை ஒவ்வொரு சதுர மீட்டரிலும் குத்திப் பாருங்கள். எல்லா இடத்திலும் 15 மி.மீ. கூடிப்போனால் மூன்றரை டன் கூடுதல் எடை! சரிவு 35 பாகையைத் தாண்டும் இடத்தில் மேலிருந்தும் பலகை வைத்து மூட வேண்டும், அல்லது கான்கிரீட்டைத் தெளித்துப் பூச வேண்டும்.

பிறகு ஏழு நாள் நனைந்த கோணிச்சாக்கு. மெல்லிய தகடு என்பதால் ஒரே பகல் வெயிலில் காய்ந்து வலைப்பின்னலாக வெடித்துவிடும்.

முட்டுகளை எப்போது, எந்த வரிசையில் எடுப்பது?

நாள் கணக்கைவிட கியூப் சோதனைதான் (அதே கான்கிரீட்டில் வார்த்த கனசதுரங்களை நசுக்கி வலுவை அளப்பது) முக்கியம். 28 நாள் வலுவில் முக்கால் பங்காவது வந்திருக்க வேண்டும். வரிசை தவறினால் ஷெல்லுக்குக் கணக்கில் இல்லாத வளைவு வரும். குடையில் வெளி ஓரத்திலிருந்து தூணை நோக்கி. குவிமாடத்தில் உச்சியிலிருந்து வளையம் வளையமாக வெளியே. ஒவ்வொரு சுற்றிலும் ஜாக்கைச் சில மி.மீ. மட்டும் தளர்த்தி, நான்கு மூலையையும் அளந்து எழுதுங்கள். மூன்று மூலை 4 மி.மீ. இறங்கி ஒன்று மட்டும் 12 இறங்கினால் நிறுத்துங்கள்.

குடையின் மழைநீர் இறங்கும் நடுக்குழாய் அடைத்துக்கொண்டால்?

இதுதான் மிகப் பெரிய அபாயம். எங்கள் 10 × 10 குடையின் குழிவு முழுதும் நிரம்பினால் சராசரி ஆழம் எழுச்சியில் கால் பங்கு, 0.3 மீட்டர். 100 சதுர மீட்டருக்கு 30 கன மீட்டர், 30 டன். ஷெல்லின் தன் எடையே 19 டன்னுக்குள்தான். மணிக்கு 200 மி.மீ. வேகத்தில் மழை கொட்டினால் ஒன்றரை மணி நேரத்தில் நிரம்பிவிடும். அடைக்கப் பெரிதாக ஒன்றும் வேண்டாம். பக்கத்து அரசமரத்தின் இலையும் ஒரு நெகிழிப் பையும் போதும்.

150 மி.மீ. குழாய், மேலே கவிழ்த்த கூடை வடிவச் சல்லடை. தட்டைச் சல்லடை ஓர் இலையிலேயே மூடிக்கொள்ளும். கூடவே, வாய் 75 மி.மீ. உயரத்தில் இருக்கும் இரண்டாவது குழாய் ஒன்று. அது சாக்கடைக்குப் போகாமல் ஆட்கள் நடமாடும் இடத்தில் வெளியே கொட்டட்டும். தண்ணீர் அங்கே விழுவதைப் பார்த்ததும் யாராவது மேலே ஏறிப் பார்ப்பார்கள். இரண்டையும் தூணுக்குள் புதைத்தால் கம்பிக்கு இடம் போதாது. தூண் குறைந்தது 500 மி.மீ. வேண்டும்.

மின்விசிறி மாட்ட, ஏசி குழாய்க்குத் துளை போட முடியுமா?

முன்கூட்டியே சொன்னால் முடியும். விசிறிக் கொக்கிகளைப் பள்ளங்களின் தடித்த பகுதியில் கான்கிரீட் போடும்போதே பதித்துவிட வேண்டும். பின்னால் துரப்பணம் போட்டால் வலையை அறுப்பீர்கள். வெளி ஓரத்தில் துளையே கூடாது. அங்கே இருக்கும் மூன்று கம்பிகளில் ஒன்று அறுந்தால் இழுவையின் மூன்றில் ஒரு பங்குக்கு ஆதாரம் போய்விடும். திருவிழாவுக்குத் தோரணம் கட்டும்போது ஓரத்தில் கயிறு போட்டு லாரியில் இழுத்து முறுக்குவதும் அப்படித்தான்.

குவிமாட மண்டபத்தில் நாதஸ்வரம் வாசித்தால் எதிரொலிக்குமா?

வளைவின் மையம் எங்கே விழுகிறது என்பதைப் பொறுத்தது. 20 மீட்டர் அகலத்துக்கு முழு அரைக்கோளம் வைத்து 2 மீட்டர் சுவரில் உட்கார்த்தினால் மையம் நிற்பவர் தலைக்குச் சற்று மேலே. தவில் அடி ஒவ்வொன்றும் கூரையில் பட்டு நடுவில் நிற்பவர் காதில் மறுபடி விழும்; மணமேடையும் பொதுவாக அங்கேதான்! அதே அகலத்துக்கு 3 மீட்டர் எழுச்சி, 6 மீட்டர் சுவர் என்றால் ஆரம் 18 மீட்டர், மையம் தரைக்கு 9 மீட்டர் கீழே போய்விடும். ஆரம் உச்சி உயரத்தைப்போல் இரண்டு மடங்காவது இருக்கட்டும்.

சூடு?

75 மி.மீ. கான்கிரீட் வெயிலைத் தடுக்காது. பிற்பகலில் கீழே அனலடிக்கும். திறந்த முன்கூடத்துக்கு வெள்ளைப் பூச்சும் காற்றோட்டமும் போதும். மூடிய மண்டபத்துக்கு வெப்பக்காப்பை மேலே போடுங்கள், கீழே போட்டால் பலகைக் கோடுகள் மறையும். ஓரத்துக்கு 600 மி.மீ. முன்பே காப்பைச் சரித்து முடித்தால் விளிம்பு மெல்லியதாகவே தெரியும். குடைகளுக்கு இடையே 20 மி.மீ. இடைவெளி விடுங்கள், வெயிலில் ஒவ்வொன்றும் 2, 3 மி.மீ. நீளும்.

இவ்வளவு நன்மை இருந்தும் ஏன் இப்போது யாரும் கட்டுவதில்லை?

சிமெண்டும் எஃகும் மிச்சம். தச்சர் கூலியோ மலை. கூலி மலிவாகவும் பொருள் விலையாகவும் இருந்த காலத்தின் கண்டுபிடிப்பு இது. அந்தக் கணக்கு 1960களுக்குப் பிறகு தலைகீழானது. பலகையை ஒரே ஒரு முறை பயன்படுத்தினால் கட்டுப்படியாகாது. ஒரே அச்சில் ஆறு குடை வார்த்தால் யோசிக்கலாம். அச்சையே ஒழிக்கும் முயற்சிகளும் உண்டு. 2018இல் மெக்சிகோ நகரில் காண்டெலாவுக்கு மரியாதையாக எழுப்பிய சிறு ஷெல்லுக்குச் சூரிக்கில் இயந்திரத்தில் பின்னிய துணியே அச்சு. இரண்டு பெட்டிகளில் விமானத்தில் போனது. ஜப்பானின் தெஷிமா அருங்காட்சியகத்துக்கு மண்மேடுதான் அச்சு. கான்கிரீட் இறுகியதும் உள்ளே இருந்த மண்ணைத் தோண்டி எடுத்தார்கள்.

மாணவர்கள் வீட்டில் மாதிரி செய்து பார்க்க வழி உண்டா?

உண்டு. தொங்கும் சங்கிலியின் வடிவத்தைத் தலைகீழாக்கினால் அழுத்தத்தில் நிற்கும் வளைவு கிடைக்கும் என்று ராபர்ட் ஹூக் 1675இலேயே எழுதினார். சுவிட்சர்லாந்தின் ஹைன்ஸ் இஸ்லர் அதையே துணியில் செய்து, 1968இல் டைட்டிங்கனில் 9 செ.மீ. கனத்தில் 31 மீட்டர் தாண்டும் கூரை எழுப்பினார்.

50 செ.மீ. சதுரப் பருத்தித் துணி. பழைய வேட்டித் துண்டு நன்றாக வரும். நாற்காலியைக் கவிழ்த்து நான்கு கால்களில் மூலைகளைக் கட்டுங்கள், நடுவில் 12 செ.மீ. தொங்கட்டும். பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ் இரண்டு பங்கு, தண்ணீர் ஒரு பங்கு. தூரிகையால் இருபுறமும் மெல்லியதாகத் தடவுங்கள். பத்து நிமிடத்துக்குள் வேலை முடிய வேண்டும். நடுவில் குட்டை போலத் தேங்கினால் வடிவம் கெடும், துடைத்துவிடுங்கள். ஒரு நாள் காயவிட்டு அவிழ்த்துக் கவிழ்த்து வையுங்கள். நான்கு மூலைகளும் நழுவாமல் மண்ணோ களிமண்ணோ அணைத்து, நடுவில் ஒவ்வொரு புத்தகமாக அடுக்குங்கள்.

மூலைக்கும் மூலைக்கும் நடுவே துணியின் ஓரம் தானாகவே லேசாகச் சுருண்டு உதடுபோல நிற்பதைக் கவனியுங்கள். அசிங்கமாக இருக்கிறது என்று பெரும்பாலான மாணவர்கள் கத்தரிக்கோலால் அதை நறுக்கிவிடுகிறார்கள். நறுக்கிய மாதிரி ஒன்றும் நறுக்காத மாதிரி ஒன்றும் செய்து, இரண்டும் எத்தனை புத்தகம் தாங்குகின்றன என்று எண்ணிப் பாருங்கள்.